புல்லட்டின் பெருமை எது?

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை செல்லும் சாலையோரம் பேருந்துக்காக நிற்கிறோம். வண்டி கண்ணில் படுமுன்பே ‘டக்... டக்...’ என்ற ஒலி காதில் விழுகிறது. “புல்லட் வருகிறது” என்கிறார் பக்கத்தில் நிற்பவர். இவ்வண்டியைப் பற்றிய புகழுரைகள் ஏராளம். அறிவியல் பயிலும் நாம் அவற்றைச் சற்று உரைத்துப் பார்க்க வேண்டாமா?

இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932-இல் ‘புல்லட்’ என்ற பெயரை முதன்முதலில் சூட்டியது. பின்சக்கரம் மேலும் கீழும் அசைய இடந்தரும் அமைப்புடன் உருவான புதிய புல்லட், 1948-இல் இத்தாலியில் நடந்த ஆறு நாள் சோதனை ஓட்டத்தில் தங்கப் பதக்கங்கள் பெற்றது. கரடுமுரடான பாதைக்குப் பிறந்த பந்தய வண்டி அது. நம் ராணுவத்துக்கும் அதுவே தேவைப்பட்டது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுடன் என்ஃபீல்டு இந்தியா தோன்றி, சென்னை திருவொற்றியூரில் உற்பத்தி தொடங்கியது. 1970-ஐ ஒட்டித் தாய் நிறுவனம் மூடப்பட்டது, சேய் பிழைத்தது. 1977-இல் இங்கிருந்தே இங்கிலாந்துக்குப் புல்லட் ஏற்றுமதியாயிற்று!

இனி அந்த ஒலிக்கு வருவோம். உருளையின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் செல்லும் தூரம் 90 மில்லிமீட்டர். கணக்கிட்டுப் பாருங்கள்: கொள்ளளவு சுமார் 346 கன சென்டிமீட்டர். நான்கு வீச்சு இயந்திரமாதலால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிதல் நிகழும். நிமிடத்துக்கு 1000 சுற்று என்றால் நொடிக்கு எட்டு வெடிப்பே. ஆகவே நம் காது ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்தறிகிறது. இதில் மாயம் ஒன்றுமில்லை.

“நீண்ட வீச்சுதான் இழுவிசை தருகிறது” என்பார்கள். இது பாதி உண்மைகூட இல்லை. இழுவிசைக்கு முதற் காரணம் கொள்ளளவு. வேகம் குறைந்தாலும் வண்டி திணறாமல் செல்வதற்குக் காரணம், சுழலும்போது ஆற்றலைச் சேமித்து வைக்கும் கனத்த ஃபிளைவீல்.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. பல பத்தாண்டுகள் அடிப்படை அமைப்பு ஏறத்தாழ அப்படியே இருந்தது. எண்ணெய்க் கசிவை, “புல்லட் என்றால் அப்படித்தான்” என்று பெருமையாகவே பேசினோம். கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. மற்ற வண்டிகளில் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்றெண்ணிக் கியரை மிதித்தால் என்னாகும்? போட்டியில்லாச் சந்தையில் குறைகளும் குணங்களாக வேடமிட்டன. 1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுடன் சிக்கனமான 100 சி.சி. வண்டிகள் வந்ததும் வேடம் கலைந்தது. 1994-இல் நிறுவனம் ஐஷர் குழுமத்துடன் இணைந்தது.

“மாற்றினால் புல்லட் புல்லட்டாக இராது” என்ற வாதமும் உண்டு. அதற்கு நிறுவனமே விடையளித்துவிட்டது. 2008-இல் வந்த புதிய 350 இயந்திரத்தில் வார்ப்பிரும்பு உருளை இல்லை. மின்னணுப் பற்றவைப்பு வந்தது. கியர் இடப்புறம் இருந்தது. ஆயினும் 70, 90 என்ற அளவுகள் அப்படியே நீடித்தன, துடிப்பும் நீடித்தது. 2020-இல் வெளிவந்த இயந்திரத்தில் அளவுகளும் 72, 85.8 என மாறின. ஒலியின் நிதானம் மறைந்துவிடவில்லை. அப்படியானால் முன்பே திருத்தியிருக்கலாம் அல்லவா?

புல்லட்டின் பெருமை அதன் பழமையில் இல்லை. அயல்நாட்டு வரைபடத்தை வாங்கிய நம் தொழிலாளர், அதன் பாகங்களை இங்கேயே வார்க்கவும் கடையவும் கற்றனரே, அதில் இருக்கிறது. கற்றதைக் காப்பது பாதி வேலை; திருத்துவது மறுபாதி. அடுத்த முறை அந்த ஒலி கேட்கும்போது, மாணவ நண்பர்களே, வியப்பதோடு நில்லாமல் நொடிக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணிப் பாருங்கள்!