பாட்டும் பல்கலைக்கழகமும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாற்றைக் கட்டடங்களின் பெருக்கமாகவும் துணைவேந்தர்களின் வரிசையாகவும் எழுதுதல் எளிது. அது எவருடைய வாழ்வை அறிவுக்குரிய பொருளாக மதித்தது என வினவுதலே திறனாய்வின் கடனாகும்.

1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, 1952இல் பேராதனையில் நிலைகொண்ட நிறுவனத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் சுவாமி விபுலாநந்தர். 1943இல் அப்பதவியேற்ற அவர், கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவிற் பிறந்தவர். ஆகவே, ஈழத்துப் பல்கலைக்கழகத் தமிழ்க் கல்வி தொடக்கத்திலேயே இக்கரையோடு உறவு பூண்டது எனலாம். பின்னர் ம. மு. உவைஸ் முஸ்லிம்களின் தமிழ்ப் பணியை ஆய்வுப் பொருளாக்கினார். சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு நாட்டுப் பாடல்களைப் பதிப்பித்தார். இவை போற்றத்தக்க பணிகள் என்பதில் ஐயமில்லை.

எனினும், பாட்டு பேராதனைக்குச் சென்றது. பாடியவள் வயலிலேயே நின்றுவிட்டாள். நாட்டார் கவிகளைக் காதல், தொழில், தாலாட்டு என வகுப்பதோடு நம் ஆய்வுகள் பெரும்பாலும் அமைதி கொள்கின்றன. கவியில் வரும் 'மச்சான்', 'மச்சி' என்னும் விளிகள் வெறுங் காதன்மொழிகள் அல்ல. தாய்வழி வரும் குடிமுறை, மாமன் மக்களுக்குரிய மணவுரிமை, மகளுக்கு வீட்டைச் சீதனமாக அளிக்கும் வழக்கம் ஆகியவற்றை அறியாதார்க்கு அவற்றின் பொருள் பாதியே விளங்கும். இக்குடிமுறை இங்குள்ள தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது என்பது ஆழ்ந்து சிந்தித்தற்குரியது.

கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் பேராதனையிற் பேராசிரியராகப் பணியாற்றி, இக்கரை ஆய்வுக்குரிய பொருளை மட்டுமன்றி ஆய்வாளரையும் தரவல்லது எனக் காட்டினார். ஆயின், தனியொருவரின் ஆற்றல் நிறுவனத்தின் கடமைக்கு ஈடாகாது.

போரும் இனமுறுகலும் முஸ்லிம் மாணவரின் கல்வியைக் குலைத்த சூழலில், 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று தோன்றியது. 1996இல் அது, இன்று ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. பிரிவின் துயரிற் பிறந்த அந்நிறுவனத்தைச் சூழ்ந்திருப்பதோ இரு சமூகத்தாரும் பகிர்ந்துகொண்ட மரபாகும். அதனை ஒரு சாராரின் உடைமையாகச் சுருக்கின், பேராதனை செய்யாது விட்டதை ஒலுவிலும் செய்யாது விட்டதாகும்.

உம்மம்மாவிடம் கேட்ட கவியைக் கல்முனைக்குடி மாணவனும், அம்மம்மாவிடம் கேட்ட கவியைப் பாண்டிருப்பு மாணவியும் ஒரே வகுப்பறையிற் கொணர்ந்து ஒப்புநோக்கல் வேண்டும். பாடியவளின் பெயரும் ஊரும் பாட்டோடு பதிவாதல் வேண்டும். இக்கரையிற் பல்கலைக்கழகத்தின் வளர்ச்சியை அளத்தற்கு இதனினும் தக்க அளவுகோல் பிறிதொன்றில்லை.