இமய நடைப்பயண நூல்களில் உளப்பாட்டுத் தன்மை

இமயத்தின் உயர்முடிகளை நோக்கிச் சென்றோர் எழுதிய நூல்கள் இருபதாம் நூற்றாண்டில் ஒரு தனி இலக்கிய வகையாக வளர்ந்தன. அவற்றைப் பயில்வோர் பெரும்பாலும் முடியேற்றத்தைக் கூறும் இறுதி இயல்களையே விரும்பிப் படிப்பர். திறனாய்வாளரும் அவ்வியல்களையே எடுத்துப் பேசுவர். எனினும், அந்நூல்களில் குறிப்பிடத்தக்க ஒரு பகுதி, ஊரிலிருந்து அடிவார முகாம் வரையில் நடந்து சென்ற செலவைப் பற்றியதாகும். ஆறு கடத்தல், வழி தேர்தல், அரிசியும் மாவும் கொள்ளுதல், சுமையாளரோடு கூலி பேசுதல் என அது பல நாள் தொடரும். முகாம் அமைந்த பின்னர்ச் சுமையாளருள் பெரும்பாலோர் மூட்டைகளை இறக்கிக் கூலி பெற்று ஊர் திரும்புவர். அத்துடன் நூலினின்றும் மறைவர். ஆகவே, நூலாசிரியர் தம்மோடு நடந்தவர்களை எங்ஙனம் கண்டார் என்பதை அறிதற்குரிய இடம் இந்நடைப்பயண இயல்களே என்பது இக்கட்டுரையின் கருத்து.

இவ்வாராய்ச்சிக்குரிய வினா வகுப்பறையில் எழுந்தது. முதுகலை மாணவர்க்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியாக இத்தகைய நூலொன்றின் பக்கம் தரப்பட்டது. குழு அடிவார முகாமை அடைந்த செய்தியை அப்பக்கம் தன்மைப் பன்மையில் கூறியது. மாணவருள் ஒரு சாரார் ‘நாங்கள் அடைந்தோம்’ என்று எழுதினர். ஒரு சாரார் ‘நாம் அடைந்தோம்’ என்று எழுதினர். மாணவி ஒருவர் மட்டும் ‘குழுவினர் அடைந்தனர்’ எனப் படர்க்கையாக மாற்றியிருந்தார். காரணம் வினவியபோது, “முன்னரே சுமையுடன் சென்று சேர்ந்தவர்களை ஆசிரியர் தம்முள் எண்ணினாரா என்பது விளங்கவில்லை” என்றார். மொழிபெயர்ப்பு என்ற வகையில் அது பிழையே. ஆனால் அவர் எழுப்பிய ஐயம் நூல் முழுமைக்கும் உரியது.

இலக்கணம் தரும் கருவி

தன்மைப் பன்மை என்பது ‘நான்’ பல கூடியது அன்று; ‘நான்’ பிறரை உட்கொண்டு நிற்பது. இந்நுட்பத்தை உணர்ந்தே தமிழ் இலக்கணம் அதனை உளப்பாட்டுத் தன்மை என்று வழங்குகின்றது. அம், ஆம் என்னும் ஈறுகள் முன்னிலையாரை உளப்படுத்தும் என்றும், எம், ஏம் என்பன படர்க்கையாரை உளப்படுத்தும் என்றும், உம் ஊர்ந்து வரும் க, ட, த, ற என்பன இருசாராரையும் ஒருங்கே உளப்படுத்தும் என்றும் தொல்காப்பியச் சொல்லதிகார உரையாளர் பாகுபாடு செய்வர். இன்றைய வழக்கில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு கேட்போரை உட்கொள்ளுதல், விலக்குதல் என்ற அளவிலேயே நிற்கின்றது. அயலே நிற்கும் படர்க்கையார் உட்பட்டனரா என்பதைச் சொல் வடிவம் இன்று உணர்த்துவதில்லை.

சொல் வடிவம் உணர்த்தாததைக் கதைப்போக்குக் கொண்டு அறிதல் திறனாய்வாளன் கடன். நூலின் தன்மைப் பன்மை எவரை எண்ணுகின்றது, எவர்க்குப் பெயர் தருகின்றது, எவருடைய இழப்பைத் தன் இழப்பாகக் கொள்கின்றது என்னும் வினாக்கள் அதற்குத் துணை செய்வன. இவற்றைக் கொண்டு சில நூல்களை ஈண்டுக் காண்போம்.

தலைவரின் நூலும் செர்ப்பாவின் நூலும்

1953ஆம் ஆண்டு எவரெஸ்டு முடியை அடைந்த குழுவின் தலைவர் ஜான் ஹண்ட், அவ்வாண்டிலேயே அதன் வரலாற்றை நூலாக்கினார். காத்மாண்டுவுக்கு அண்மையிலுள்ள பட்காவுனிலிருந்து மார்ச்சு 10ஆம் நாளும் மறுநாளுமாக இரு பிரிவாகக் குழு புறப்பட்டது. ஏறத்தாழ 350 சுமையாளர் உடன் சென்றனர். பள்ளத்தாக்குகளையும் கணவாய்களையும் மாறி மாறிக் கடந்து, இரு வாரங்களுக்கு மேல் நடந்து தியாங்போச்சே மடத்தை அவர்கள் எய்தினர். பின்னரே கும்புப் பனியாற்றில் அடிவார முகாம் அமைந்தது. ஹண்ட் படைத்துறையினர். உணவு, உடை, உயிர்வளிக் கலம் ஆகிய யாவும் அளந்து வகுக்கப்பட்ட திறத்தை நூலின் பின்னிணைப்புகள் விரித்துரைக்கின்றன. செர்ப்பாக்களை அவர் பெயர் சுட்டிப் பாராட்டவும் தவறவில்லை. ஆயினும் சுமையாளர் அவருடைய நூலில் முதன்மையாக ஓர் எண்ணாகவே வருகின்றனர்.

350 பேரை நடத்திச் செல்லும் தலைவர் ஒவ்வொருவரையும் பெயர் கூறி எழுத இயலுமா எனின், இயலாது. பெயர்ப்பட்டியல் ஈண்டு வேண்டப்படவில்லை. ‘அடைந்தோம்’ என்னும் வினை எந்த எல்லையில் நின்றுவிடுகின்றது என்பதே வினா. ஹண்டின் நூலில் அவ்வினை திட்டமிட்டோரையும் ஏறியோரையும் தழுவுகின்றது. சுமந்தோர் திட்டத்தின் பகுதியாக நிற்கின்றனர்.

இதற்கு மறுதலையான சான்று இரண்டே ஆண்டுகளில் வெளிவந்தது. டென்சிங் நார்கே தம் வரலாற்றை அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ராம்சே உல்மனிடம் கூற, அது 1955இல் நூலாயிற்று. அதே பயணத்தின் தொடக்கத்தில் காத்மாண்டுவிலிருந்த பிரித்தானியத் தூதரகத்தில் நிகழ்ந்ததொன்றை டென்சிங் அதில் குறிப்பிடுகின்றார். குழு உறுப்பினர் தூதரக இல்லத்துள் தங்க, செர்ப்பாக்களுக்கு முன்னாளில் குதிரை இலாயமாக இருந்த வண்டிக்கொட்டகை தரப்பட்டது, கழிப்பிடமும் இல்லை. மறுநாள் காலை அவர்கள் அதன் முன்னுள்ள சாலையிலேயே சிறுநீர் கழித்துத் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். ஒரு குழு நடக்கத் தொடங்குமுன்னரே அதன் தன்மைப் பன்மை இரண்டாகப் பிளந்திருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. முந்திய ஆண்டில் சுவிட்சர்லாந்துக் குழுவினரோடு சென்றபோது தாம் பெற்ற தோழமையை டென்சிங் இதனோடு ஒப்பிடுவதும், அக்குழுவின் இலாம்பர்ட்டு அளித்த செந்நிறக் கழுத்துத் துணியை அணிந்தே 1953இல் முடியேறியதும் ஈண்டுக் கருதத்தக்கன.

முடியில் முதலில் கால் வைத்தவர் யார் என்னும் பூசல் எழுந்தபோது, ஏறத்தாழ ஒருங்கே அடைந்ததாக ஹில்லாரியும் டென்சிங்கும் ஓர் அறிக்கையில் ஒப்பமிட்டனர். தம் நூலிலோ, ஹில்லாரி முதலிலும் தாம் அடுத்தும் ஏறியதாக டென்சிங் வெளிப்படக் கூறிவிட்டார். ஒரே கயிற்றில் பிணைந்த இருவர்க்கு முன்பின் என்பது பொருளற்றது என்பதே அவர் கருத்து. உளப்பாட்டுத் தன்மையின் உண்மையான பொருளை இங்கே காண்கின்றோம். எனினும் ஒன்றை மறத்தலாகாது: டென்சிங் எழுதப் படிக்கக் கற்றவர் அல்லர். அவருடைய ‘நான்’ என்னும் சொல்லும் பிறரொருவர் கையால் எழுதப்பட்டே நம்மை எய்துகின்றது.

ஐவர் நடந்த வழி

குழுவின் அளவு சுருங்கும்போது தன்மைப் பன்மை விரிதலும் உண்டு. 1934இல் எரிக் ஷிப்டனும் டில்மனும், ஆங் தார்க்கே, பாசாங், குசாங் என்னும் செர்ப்பாக்கள் மூவருடன் ரிசிகங்கையின் செங்குத்தான பிளவு வழியே நந்தாதேவியின் உட்பள்ளத்தை அடைந்தனர். 7,816 மீட்டர் உயரமுள்ள அம்முடியைச் சூழ்ந்த மலைவளையத்துள் அதற்குமுன் எவரும் புகுந்ததாகச் செய்தி இல்லை. அச்செலவை ஷிப்டன் 1936இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். ஐவரும் சுமை தூக்கினர். பத்ரிநாத், கேதார்நாத் ஆகியவற்றிற்கு இடைப்பட்ட மலைமுகட்டைக் கடந்தபோது உணவு தீர, மூங்கிற்குருத்தை உண்டு ஐவரும் உயிர் தாங்கினர். இந்நூலில் செர்ப்பாக்கள் எண்ணாக வாராமல் குணமும் நகையும் உடைய மாந்தராக வருகின்றனர். இதனை ஆசிரியரின் நல்லியல்பு என்று மட்டும் கூறிவிடுதல் பொருந்தாது. ஒரே சுமையும் ஒரே பசியும் உற்ற இடத்தில் வேறு நடை எழுதுதல் எளிதன்று. வாழ்க்கை முறையே உரைநடையை ஆக்கிற்று என்க.

சுமையான ஆசிரியர்

மேற்கூறிய ஆங் தார்க்கே 1950இல் பிரெஞ்சுக் குழுவின் செர்ப்பாத் தலைவராக அன்னபூர்ணாவுக்குச் சென்றார். அக்குழுவின் தலைவர் மோரிஸ் ஹெர்சாக் எழுதிய நூல் 1951இல் வெளிவந்தது. நிலப்படங்கள் பிழைபட்டிருந்தமையால், முடியைத் தேடி அலைதலே அந்நூலின் முற்பகுதியாக அமைகின்றது. அதன் பிற்பகுதியிலோ நடைப்பயணம் தலைகீழாகின்றது. சூன் 3ஆம் நாள் முடியை அடைந்த ஹெர்சாக், பனியால் கைகால் விரல்கள் அழுகிய நிலையில், மழைக்காலக் காடுகளின் வழியே பிறர் முதுகில் சுமக்கப்பட்டுத் திரும்பினார். வழியெங்கும் மருத்துவர் அவ்விரல்களை அறுத்தெடுத்தார். சுமையை எண்ணிய தலைவரே சுமையாயினார்! மலையேற்ற நூல்களுள் இத்தகைய திருப்பம் அரிது. தம்மைச் சுமந்த முதுகுகளை உற்றுநோக்க ஆசிரியர்க்கு வாய்த்த பெருவாய்ப்பு அது. ஆனால் அப்பகுதி பெரிதும் அவருடைய வலியின் வரலாறாகவே முடிகின்றது. வலியுற்றார் மீது குற்றம் சுமத்துதல் அறமாகாது. நூலின் எல்லையைச் சுட்டுதலே ஈண்டு நோக்கம்.

உறுப்பினர் ஐந்தாண்டுக் காலம் தனியே எதனையும் வெளியிடுவதில்லை என அக்குழுவில் உடன்பாடு இருந்தது. உடன் முடியேறிய இலாசனாலின் குறிப்புகள் அவர் இறந்தபின் 1956இல் திருத்தப்பட்டு வெளிவந்தன. நீக்கப்பட்ட பகுதிகளுடன் கூடிய பதிப்பு 1996இல்தான் வந்தது. ஆகவே, தன்மைப் பன்மை ஏறினோர் தம்முள்ளும் ஒருவர் குரலாகவே ஒலித்திருத்தல் கூடும்.

நெய்யூர் மருத்துவரின் வினா

இவ்வாராய்ச்சியில் முதன்மையாகக் கொள்ளத்தக்கவர், தமிழ்நாட்டோடு உண்மைத் தொடர்புடைய ஒருவர். ஹோவர்டு சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர் 1922இல் எவரெஸ்டுக் குழுவில் இருந்தார். அவ்வாண்டு சூன் 7ஆம் நாள், வட கணவாய்க்கு ஏறும் சரிவில் பனி சரிந்து சுமையாளர் எழுவர் மாண்டனர். சாமர்வெல், மல்லோரி உள்ளிட்ட ஆங்கிலேயர் பிழைத்தனர். அப்பயணத்தின் பின்னர்த் தென்னாடு வந்த சாமர்வெல், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமாகிய நெய்யூரின் மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றினார். பின்னர் வேலூரிலும் பணிபுரிந்தார்.

1936இல் வெளிவந்த தம் நூலில் அவ்விபத்தை நினைவுகூரும் அவர், இறந்தவருள் தம் இனத்தார் ஒருவரேனும் இல்லாமற் போனமைக்கு வருந்துகின்றார். ஒருவர் இறந்திருப்பின், பிழைத்த சுமையாளர்க்கு இழப்பிலும் தாங்கள் பங்குகொண்டமை விளங்கியிருக்கும் என்பது அவர் கருத்தின் சாரம். இவ்வெண்ணம் எளிதில் ஏற்கத்தக்கதன்று. மற்றொருவர் சாவை விரும்புவது போலவும் தோன்றும். ஆயினும், தம் தன்மைப் பன்மை பொய்த்துவிட்டதை உணர்ந்த ஒருவரின் சொல் அது. அதனை மெய்யாக்கும் வழி மலையில் இனி இல்லை என்பதும் அதில் அடங்கியிருக்கின்றது. ஏறினோம் என்பதில் உளப்பட்டவர் இறந்தோம் என்பதில் மட்டும் தனித்து விடப்படுதல் முறையோ என்னும் வினாவை, இவ்வகை நூல்களுள் இத்துணைக் கூர்மையாக எழுப்பிய பகுதி பிறிதொன்றை இக்கட்டுரையாளன் கண்டிலன்.

மலைபடுகடாம் காட்டும் நெறி

மலைவழிச் செலவைப் பாடிய நம் பழம்பாட்டு ஒன்றை இங்கு ஒப்புநோக்குதல் பயனுடைத்து. பத்துப்பாட்டின் இறுதியாகிய மலைபடுகடாம், நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் எதிர்வரும் கூத்தர் தலைவனை ஆற்றுப்படுத்துவது. பன்றிக்கு அமைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், புனங்காவலர் எறியும் கவண்கற்கள் என வழியின் இடர்கள் நிரலே கூறப்படுகின்றன. அங்குச் சுமப்போர் தனி வகுப்பினர் அல்லர். முழவும் யாழும் பிறவுமாகிய கருவிகளைத் தோளிற் சுமந்து செல்லும் கூத்தரே பாட்டின் மாந்தர். வழி கூறுவோனும் அவ்வாறு சுமந்து நடந்தவனே. சுமந்தவன் சொல்லச் சுமப்பவன் கேட்கும் இலக்கியம் அது. காலமும் நிலமும் வேறாதலின் இமய நூல்களை இதனைக்கொண்டு தாழ்த்திக் கூறல் தகாது. எனினும், சுமப்போர் குரலாகவே ஒரு மலைவழி இலக்கியம் அமைய இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

முடிபு

இவ்வினா பழைய நூல்களோடு ஒழிந்ததன்று. 1964இல் லுக்லாவில் வானூர்தித் தளம் அமைந்தது. 1965இல் கட்டணம் பெற்று நடத்தும் நடைப்பயணம் நேபாளத்தில் தொடங்கிற்று. இன்று லுக்லாவிலிருந்து ஏறத்தாழ எட்டு நாள் நடந்து, 5,364 மீட்டர் உயரத்திலுள்ள எவரெஸ்டு அடிவார முகாமை எவரும் காணலாம். முன்னர்ப் படிப்போராக இருந்தவர் இன்று நடப்போராகவும் எழுதுவோராகவும் ஆகியுள்ளனர். 2014 ஏப்ரல் 18ஆம் நாள் அம்முகாமிற்கு மேலுள்ள பனிச்சரிவில் மாண்ட 16 பேரும் நேபாளத் தொழிலாளரே. 1922இல் எழுந்த வினா 92 ஆண்டுகட்குப் பின்னும் விடை பெற்றிலது.

முன்னிலையாரைத் தழுவும் ஈறுகள், தமராயவழிப் படர்க்கையாரையும் தழுவும் என்று உரையாசிரியர் ஓரிடத்து நுட்பமாகக் கூறுவர். அயலார் தமராதல் இலக்கணத்தால் நிகழ்வதன்று. நடந்தவர் ஒழுகிய முறையால் நிகழ்வது. இந்நூல்களைத் தமிழாக்குவோரும் ஆராய்வோரும் ‘அடைந்தோம்’ என்னும் சொல் வரும் இடந்தோறும் சிறிது நின்று, அங்கே தமராயினார் எவர் என்று வினவுதல் வேண்டும். படர்க்கையாக மாற்றி எழுதிய மாணவி பயிற்சியில் மதிப்பெண் இழந்தார். ஆனால் அவ்வாறு நின்று வினவியவர் அவர் ஒருவரே.