மரபணுவும் மண்ணடுக்கும்: மதுரை வட்டார ‘முதல் மனிதர்’ கருத்து – ஒரு திறனாய்வு

முன்னுரை

இந்தியத் துணைக்கண்டத்தில் இன்றைய மனித இனம் எப்போது குடியேறியது என்னும் விவாதத்தில் மதுரைக்கும் ஓர் இடம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் பங்கேற்ற மரபணு ஆய்வில், மதுரை வட்டாரச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவரிடம் ‘எம்130’ என்னும் தந்தைவழிக் குறி கண்டறியப்பட்டது. ஸ்பென்சர் வெல்ஸ் 2002இல் வெளியிட்ட நூலும் அதையொட்டிய ஆவணப்படமும் இதனை உலகறியச் செய்தன. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா சென்ற முதற்பயணத்தின் தடயமாக வெல்ஸ் இக்குறியைக் கருதினார். தமிழில் இச்செய்தி ‘மதுரையில் முதல் இந்தியர்’ எனச் சுருங்கிவிட்டது. இச்சுருக்கம் சான்றுக்குப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

மரபணுச் சான்றின் எல்லை

தந்தைவழிக் குறி ஒருவருடைய எண்ணற்ற முன்னோருள் ஒரே ஒரு வரிசையை மட்டும் காட்டுவது. அக்குறி தோன்றிய காலத்தை மரபணுவியல் கணிக்கலாம். அக்குறியுடையோர் இன்று வாழும் ஊருக்கு எப்போது வந்தனர் என்பதை அக்கணிப்பு கூறாது. ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் தந்தைவழிக் கிளைகளும் அவற்றோடு உறவுடைய தெற்காசியக் கிளைகளும் ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன என 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதுவும் பிரிவின் காலமே. பிரிந்த இடம் அதனால் புலப்படாது. இதனை மறந்து ஒரு குறியை ஒரு சமூகத்தின் மூத்தகுடிப் பட்டயமாக்குவது அறிவியலின் பெயரால் சாதிப் பெருமை பேசுவதாகவே முடியும்.

கற்கருவிச் சான்றின் எல்லை

தொல்லியல் தரப்பிலும் ஒருமித்த முடிவு இல்லை. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தோபா எரிமலைச் சாம்பலுக்குக் கீழும் மேலும் கற்கருவிகள் கிடைத்தன. அவற்றை இன்றைய மனித இனத்தின் ஆக்கமாக மைக்கேல் பெட்ராக்லியா குழுவினர் 2007இல் விளக்கினர். பால் மெல்லர்ஸ் குழுவினர் 2013இல் இதனை மறுத்து, குடியேற்றம் தோபாவுக்குப் பிற்பட்டதே என்றனர். இலங்கையின் பாகியன் குகையில் நுண்கற்கருவிகளின் காலம் 48,000 முதல் 45,000 ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டுள்ளது.

இவ்விவாதத்தின் அடிப்படையையே அத்திரம்பாக்கம் அசைக்கிறது. அங்கு இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியதாக சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 2018இல் ஒளிர்வுமுறைக் கணிப்பால் நிறுவினர். கருவிகளோடு மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே கருவியின் வடிவை மட்டும் கொண்டு அதை ஆக்கிய மனித இனம் இன்னதெனத் துணிதல் அரிது. ஜ்வாலாபுரக் கருவிகளுக்கும் இத்தடை பொருந்தும்.

முடிவுரை

மரபுவழியின் காலம், கருவியின் காலம், குடியேற்றத்தின் காலம் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. முதலிரண்டில் ஒன்றை மூன்றாவதன் இடத்தில் வைப்பதே ‘முதல் இந்தியர்’ கருத்தின் பிழை. மதுரைக்கு அண்மையிலுள்ள கீழடி இதற்கு மாறான முன்மாதிரி. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமாதிரி கி.மு. 580ஐச் சேர்ந்தது எனக் கணிக்கப்பட்டது. ஆழம், அடுக்கு, உடன்கிடைத்த பொருள்கள் ஆகியன அறியப்பட்டிருப்பதால் அக்காலத்தை எவரும் சோதிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். கீழடியின் பழமையோடு 50,000 ஆண்டுத் தொடர்ச்சியை மரபணுக்குறி ஒன்றால் இணைப்போர், இடைப்பட்ட காலத்திற்கு எந்த மண்ணடுக்கையும் காட்டுவதில்லை. அவ்விணைப்பு கீழடிக்கு வலுச் சேர்ப்பதில்லை. அகழ்ந்து பெற்ற சான்றையும் ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. வைகைச் சமவெளியின் பழைய ஆற்றுப்படிவுகளை முறையாகக் கள ஆய்வு செய்து காலம் கணித்த பின்னரே மதுரையின் முதற்குடியேற்றம் குறித்து உரைத்தல் தகும்.