நீதி மன்றமும் விருந்து மன்றமும்

பழங் கட்டடமொன்றை வாடகைக்கு விடுவது குற்றமா என்று கேட்டால், குற்றமன்று என்பதே நமது விடை. கூரை ஒழுகினால் ஓடு மாற்றவேண்டும்; ஓடு மாற்றப் பொருள் வேண்டும். பூட்டி வைத்து வௌவாலுக்கு விடுவதினும், விளக்கேற்றி மக்கள் கூடச் செய்வது மேல். ஆனால் வழக்குரைத்த மன்றத்தைக் கம்பெனிகளின் விருந்துக்கும் வரவேற்புக்கும் விடுங்கால், சுவர் மட்டும் கைமாறுகின்றதா, அதன் வரலாறும் மறைகின்றதா என்று ஆராய்தல் நம் கடமையாகும்.

இதற்குச் சிங்கப்பூர் தக்க சான்று தருகின்றது. 1939-இல் திறக்கப்பெற்ற அந்நகரின் பழைய உச்சநீதி மன்றத்தினின்று 2005-இல் வழக்குகள் புதிய கட்டடத்துக்கு மாறின. பழையது, பக்கத்து நகர மண்டபத்தோடு இணைக்கப்பட்டு, 2015-இல் தேசியக் கலைக்கூடமாயிற்று. ஓவியங்கள் காட்டப்பெறும் அவ்விடத்தின் மண்டபங்கள் சில, கம்பெனி விருந்துகளுக்கும் திருமண வரவேற்புகளுக்கும் வாடகைக்கு விடப்படுகின்றன.

அங்கே நாம் பாராட்டுவது ஒன்றுண்டு. கைதிகளை அடைத்து வைத்த அறைகளில் இரண்டையும், குற்றவாளிக் கூண்டையும் பலரும் காணுமாறு விட்டு வைத்துள்ளனர். வானளாவிய தூண்கள் ஆண்டவர் பெருமையைப் பேசுகின்றன. அச்சிற்றறைகளோ நடுங்கி நின்றவன் நிலையைப் பேசுகின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் அக்கட்டடத்தின் பொருள் முழுமையாகும். தூணை மட்டும் வியந்து உண்டு செல்வோன், ஒரு நூலின் அட்டையை மட்டும் படித்தவனே யாவான்.

இனி நமது கோலாலம்பூரைப் பார்ப்போம். 1895-இல் கட்டி முடிந்த புடு சிறையில்தான், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராயிருந்த கணபதி 1949 மே 4-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். 2010-இல் அச்சிறையின் மதில் இடிக்கப்பட்டது. 2022-இல் அந்நிலத்தில் பெரும் அங்காடி திறக்கப்பட்டது. பழைய வாயில் எஞ்சியது. துணியும் தின்பண்டமும் வாங்கச் செல்லும் இளைஞனுக்கு, அம்மண்ணில் யார் மாண்டார் என்பதை வாயில் மட்டும் உணர்த்துமா?

பிரிக்பீல்ட்சுக்கு அண்மையில், பாடாங்கை நோக்கி நிற்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும் இத்தகைய கேள்விக்கு உட்பட்டதே. 1897-இல் அரசாங்கக் காரியாலயமாகத் திறக்கப்பெற்ற அதில், பிற்காலத்தில் நாட்டின் உயர்ந்த நீதி மன்றங்கள் இயங்கின. அவை புத்ராஜெயாவுக்கும் ஜாலான் டூத்தாவுக்கும் சென்றுவிட்டன.

“கோர்ட்டு என்றால் நம்மவர்க்கு அச்சந்தானே? அந்நினைவு ஒழிந்தால் நல்லதன்றோ?” என்பார் சிலர். அவர்கள் 1941-ஐ நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தில் முன்னின்ற ஆர். எச். நாதன், எந்த நீதிபதி முன்னும் நிறுத்தப்படாமலே பிடிக்கப்பட்டு, இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார். பின்னர்த் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். மன்றத்தில் நின்றவர்க்கெல்லாம் நீதி கிடைத்தது என்று நாம் கூறவில்லை. ஆனால் பால்மரம் வெட்டியவன், மொழிபெயர்ப்பாளர் வாயிலாக, தன் தமிழிலேயே துரைக்கு எதிராக ஒரு சொல் சொல்லக்கூடிய இடம் அது. அவ்விடமும் மறுக்கப்பட்டால் எஞ்சுவது கப்பலும் துப்பாக்கியுமே என்பதை 1941 காட்டிற்று. ஆதலின், நீதி மன்றத்தின் நினைவு என்பது அச்சத்தின் நினைவு மட்டுமன்று; எளியவன் சொல்லையும் கேட்டே தீர்ப்பளிக்க வேண்டும் என்னும் உரிமையின் நினைவுமாகும்.

எனவே இத்தகைய கட்டடங்களை வைத்திருப்போர்க்கு நாம் கூறுவது மூன்று. கூண்டு நின்ற அறையை விருந்துக்கு விடாதீர். அதைப் பொது மக்கள் காண வையுங்கள். வாடகைப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, தோட்டத்துப் பிள்ளைகளும் கட்டணமின்றி உள்ளே வர வழி செய்யுங்கள். அவ்விடத்தில் நடந்தவற்றை மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் எழுதி வையுங்கள். இம்மூன்றையும் செய்தபின் விருந்து நடக்கட்டும். நாம் தடை சொல்லோம். செய்யாது நடத்தும் விருந்து எவ்வளவு சிறப்பாயினும், அங்கே நின்று நீதி கேட்டவரை இரண்டாம் முறையும் வாய்மூடச் செய்வதே யாகும்.