பி.பி.எஃப். பணமும் வீட்டுக் கடனும்

பதினைந்து ஆண்டு கட்டி முதிர்ந்த பி.பி.எஃப். பணத்தை எடுத்து வீட்டுக் கடனில் போடுவது மாதச் சம்பளக் குடும்பங்களில் நடப்பதுதான். 2020 ஏப்ரலில் 7.1 சதவீதமாகக் குறைந்த பி.பி.எஃப். வட்டி அதன்பின் பல ஆண்டுகள் அசையவில்லை. கடனுக்கு 8.5 சதவீதம் கட்டுகிறவர், குறைந்த வட்டிக்குப் போட்டுவைத்து அதிக வட்டி ஏன் கட்ட வேண்டும் என்று கேட்பது நியாயமே. ஆனால் இதில் கிடைப்பதாகச் சொல்லப்படும் லாபம் பெரும்பாலும் மிகையானது.

30 லட்சம் ரூபாய்க் கடன், 20 ஆண்டு, 8.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 26,000 ரூபாய். ஐந்தாண்டு கட்டிய பிறகும் 26.4 லட்சம் அசல் நிற்கும். அப்போது 5 லட்சத்தை முன்கூட்டிக் கட்டி, தவணையைக் குறைக்காமல் விட்டால் கடன் 56 மாதம் முன்னதாகத் தீரும். வட்டியில் மிச்சம் சுமார் 9.6 லட்சம். எல்லோரும் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அதே 5 லட்சம் மீதி 15 ஆண்டும் பி.பி.எஃப்.பில் கிடந்தால் 14 லட்சம் ஆகும். அதில் 9 லட்சம் வரியில்லாத வட்டி. ஆக, உண்மையான ஆதாயம் கடைசி 56 மாதங்களில் மிஞ்சும் தவணைப் பணத்தில்தான் இருக்கிறது. அதை மாதம் தவறாமல் சேமித்தால்தான் கையில் ஏதாவது நிற்கும். அப்படிச் சேமித்தாலும் பி.பி.எஃப். ஆண்டுக்கு 1.5 லட்சத்துக்கு மேல் ஏற்காது. மிஞ்சுவதோ ஆண்டுக்கு 3 லட்சத்துக்கு மேல். ஒருமுறை காலி செய்த வரியில்லாக் கணக்கை நினைத்த வேகத்தில் மறுபடி நிரப்ப முடியாது.

பழைய வரி முறையில் இருப்பவருக்கு இது இன்னும் பாதகம். குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் 2 லட்சம் வரை கழிவு உண்டு. 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு அந்த வரம்புக்குள் வரும் வட்டியின் உண்மையான சுமை 6 சதவீதத்துக்கும் கீழே. புதிய முறையில் அந்தக் கழிவு இல்லை. எனவே அங்கே முன்கூட்டிக் கட்டுவதற்குப் பலம் கூடுகிறது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேலை போகும் நாள். 5 லட்சம் முன்பணம் கட்டியவர் என்பதற்காக அடுத்த மாதத் தவணையை வங்கி தள்ளுபடி செய்யாது. அந்தப் பணம் கணக்கில் இருந்திருந்தால் 19 மாதத் தவணைக்கு வந்திருக்கும். மேலும், பி.பி.எஃப். இருப்பை நீதிமன்றத் தீர்ப்பாணையின் பேரிலும் ஜப்தி செய்ய முடியாது. அடமானத்தில் இருக்கும் வீட்டுக்கு அந்தக் காப்பு இல்லை.

இருந்தும், சிலருக்கு இந்த வழக்கம் சரியானதே. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கியபோது, மாறும் வட்டிக் கடன் வாங்கிய பலருக்குத் தவணைத் தொகை அப்படியே இருக்க, கடன் காலம் மட்டும் நீண்டது. ஓய்வு பெற்ற பிறகும் தவணை தொடரும் நிலைக்கு வந்தவர், புதிய வரி முறையில் இருந்தால், பி.பி.எஃப்.பை எடுத்துக் கடன் காலத்தைச் சுருக்குவது நல்லது. ஓய்வூதியத்திலிருந்து தவணை கட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அவரும் முழுவதையும் ஒரே நாளில் எடுக்கத் தேவையில்லை. முதிர்ந்த கணக்கைப் புதிதாகப் பணம் கட்டாமல் நீட்டித்தால், ஆண்டுக்கு ஒருமுறை வேண்டிய தொகையை எடுக்கலாம். மீதிக்கு வட்டி தொடரும். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கி அபராதம் வாங்கவும் கூடாது. ஒரு வருடச் செலவுக்கான தொகையை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை இரண்டு மூன்று ஆண்டுகளில் பிரித்துக் கட்டலாம்.