ஜாவாஸ்கிரிப்டில் சோம்பல் மதிப்பீட்டுத் தொடர்கள்: ஒரு மதிப்பாய்வு

ஒரு தொடரின் உறுப்புகளை முன்கூட்டியே கணக்கிட்டு அடுக்கி வைக்காமல், கேட்கும்போது மட்டும் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுத் தருவது சோம்பல் மதிப்பீடு எனப்படும். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு உதவும் ஜெனரேட்டர் செயற்கூறுகள் 2015ஆம் ஆண்டின் எக்மாஸ்கிரிப்ட் தரவரையறையில் இடம்பெற்றன. ஜெனரேட்டர் தரும் தொடர்மீது மேப், ஃபில்டர், டேக் ஆகியவற்றை நேரடியாகப் பயன்படுத்தும் வசதி 2025ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்தது.

சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆண்டின் எல்லாத் தாள்களும் முன்னரே அச்சாகிக் கட்டப்படுகின்றன. அணி என்பது இதைப் போன்றது. கேட்கும்போது மட்டும் அடுத்த தாளை ஆக்கித் தருவது ஜெனரேட்டர்.

2026ஆம் ஆண்டின் முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவை எனக் கொள்வோம். அணியில் ஃபில்டர் 365 நாட்களையும் சோதிக்கும். பிறகுதான் மூன்றை வெட்டி எடுக்க முடியும். சோம்பல் தொடரில் ஃபில்டரை அடுத்து டேக் அமைத்தால், ஜனவரி 4, 11, 18 கிடைத்ததும் வேலை நின்றுவிடும். 18 நாட்களே சோதிக்கப்படுகின்றன. முடிவே இல்லாத தொடரையும் இம்முறையில் கையாளலாம்.

ஆனால் இம்முறை எப்போதும் வேகமானது என்று கொள்வது சரியன்று. 365 தாள்களும் தேவையென்றால் மிச்சமாகும் சோதனை எதுவுமில்லை. ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே கேட்டு வாங்கும் செலவு கூடலாம். வரிசைப்படுத்த எல்லா உறுப்புகளும் வேண்டும் என்பதால் அதற்கும் அணியே ஏற்றது. ஆணைகளின் ஒழுங்கும் முக்கியம். டேக்கை முன்னும் ஃபில்டரைப் பின்னும் வைத்தால் ஜனவரி 1, 2, 3 மட்டுமே சோதிக்கப்பட்டு, ஒரு ஞாயிறும் கிடைக்காது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஜெனரேட்டர் தொடரை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும் என்பது. 2026இன் ஞாயிறுகளை முதல்முறை எண்ணினால் 52 வரும். அதே தொடரை மறுமுறை எண்ணினால் 0 வரும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. விடுமுறைப் பட்டியலோ சம்பளக் கணக்கோ இப்படித் தவறினால் கண்டுபிடிப்பது கடினம். இவ்வசதியைக் கற்பிக்கும்போது வேகத்தை விட இந்த இயல்பையே முதலில் விளக்க வேண்டும்.

எனவே, எல்லா உறுப்புகளும் தேவையா, மறுபடி தேவைப்படுமா என்ற இரண்டையும் மாணவர் முதலில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் விடை ‘இல்லை’ என்றால் சோம்பல் தொடர் பொருத்தமானது. மற்றபடி பெரும்பாலும் அணியே போதும்.