கிட்ஹப்பை விட்டு எங்கே போவது?

2019 ஜூலையில் ஈரான், சிரியா, கிரிமியாவைச் சேர்ந்த நிரலாளர்கள் பலர் கிட்ஹப் தளத்தில் தங்கள் தனிப்பட்ட ரெப்போக்களை (நிரல் களஞ்சியங்களை) திறக்க முடியாமல் தவித்தார்கள். அமெரிக்கப் பொருளாதாரத் தடை அது. அமெரிக்க நிறுவனமான கிட்ஹப் அதை மீற முடியாது. ஈரானுக்கு 2021 ஜனவரியில்தான், அமெரிக்க அரசிடம் உரிமம் வாங்கிய பிறகு, முழு வழி திறந்தது. கட்டற்ற நிரலை வெளிநாட்டுத் தளங்களிலிருந்து பெயர்க்கச் சொல்வோர் முதலில் காட்டுவது இந்தச் சான்றைத்தான். வலுவான சான்றுதான். ஆனால் அது எதை நிரூபிக்கிறது?

நிரலைப் பொறுத்தவரை அதிகம் இல்லை. லினக்ஸ் கர்னல் நம்பியிருந்த பிட்கீப்பர் என்ற நிரல் மேலாண்மைக் கருவியின் இலவச உரிமம் பறிபோனதால்தான், கிட்ஹப்புக்கு அடிப்படையான கிட்டை 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினார். குளோன் செய்த கணினி ஒவ்வொன்றிலும் முழு வரலாறும் இருக்கும். முகவரியை மாற்றி புஷ் செய்தால் வேலை முடிந்தது. நிரலைச் சுற்றி நடந்த பேச்சு அப்படி நகராது. யார் என்ன பிழையைச் சொன்னார், ஒரு புல் ரிக்வெஸ்ட் ஏன் தள்ளுபடியானது என்பதெல்லாம் கிட்டுக்குள் இல்லை, கிட்ஹப்பின் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட்டின் தரவுத்தளத்தில் இருக்கிறது. பிடி அங்கேதான்.

2025 நவம்பரில் ஸிக் நிரல் மொழித் திட்டம் ஜெர்மனியின் கோட்பெர்க் தளத்துக்குக் குடிபெயர்ந்தது. பழைய இஷ்யூக்களை, அதாவது பிழைப் பதிவுகளை, தூக்கிச் செல்லவில்லை. குழப்பம் வராமலிருக்கப் புது இடத்தில் எண்களை 30000இலிருந்து தொடங்கினார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆயினும் பல ஆண்டு விவாதம் இன்னும் பழைய வீட்டுக்காரரிடமே கிடக்கிறது. கிட்ஹப் வழியாக நன்கொடை தந்தவர்களையும் வேறு வழிக்கு மாறும்படி கேட்க வேண்டியதாயிற்று. வெளியேறுவதன் உண்மையான விலை இவைதான்.

குற்றம் வெளிநாடு என்பதில் இருக்கிறதா? நான் அப்படி நினைக்கவில்லை. 2022 மே மாதம் சீனாவின் கிட்டீ தளம் பொது ரெப்போக்களை மூடி, ஆள் வைத்துச் சரிபார்த்த பிறகே திறப்போம் என்றது. உள்நாட்டுத் தளம், உள்நாட்டுச் சட்டம், அதே பூட்டு. 2014 டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை தடுக்கச் சொன்ன 32 தளங்களில் கிட்ஹப்பும் இருந்தது. அங்கே வாசலை அடைத்தது நம் அரசு.

ஆகவே அரசு நிழலில் ஒரு தேசியத் தளம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. கோட்பெர்க் வேறு வகை: பெர்லினில் பதிவான, உறுப்பினர்கள் வாக்களித்து நடத்தும் சங்கம். அதை இயக்கும் ஃபோர்ஜெயோவும் கட்டற்ற மென்பொருளே; சங்கம் நாளை கெட்டுப்போனாலும் யாரும் அதைத் தம் சேவையகத்தில் நிறுவிக்கொள்ளலாம். இணையத் தாக்குதல் வரும்போது கோட்பெர்க் திணறுகிறது, வேலை பார்க்க ஆட்களும் குறைவு. ஜெர்மானியச் சட்டம் அதையும் கட்டுப்படுத்தும். இத்தனைக்கும் பிறகு தராசு அதன் பக்கமே சாய்கிறது.

சேவையகம் பராமரிக்க ஆள்பலம் உள்ள டெபியன், க்னோம் போன்ற திட்டங்கள் கிட்லாப் மென்பொருளைத் தங்கள் சேவையகத்தில் தாங்களே நடத்துகின்றன. அவ்வளவு வலு உள்ளவர்களுக்கு அதுவே சரி. நடுத்தரத் திட்டங்கள் சங்கங்களுக்குப் போகட்டும். ஓரிருவர் நடத்தும் சிறு திட்டங்களுக்குப் புதியவர்கள் கிட்ஹப் வழியாகத்தான் வருகிறார்கள். அவை நிரலின் நகலை அங்கேயே வைத்திருக்கலாம். இஷ்யூக்களை மட்டும் இப்போதே வெளியே எடுத்துவிட வேண்டும்.